சின்ன ஓடை, அகன்ற பள்ளத்தாக்கு: வெட்டியது யார்?
நீங்கள் அனுப்பிய பள்ளத்தாக்குப் படத்தில் அடிப்பகுதி அகலமாகத் தட்டையாக இருக்கிறது, இருபுறமும் சுவர் போலப் பாறை, நடுவே ஒரு சின்ன ஓடை. இதுவா இவ்வளவையும் குடைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சந்தேகம் சரிதான். பெரும்பாலும் இது பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள், செய்த வேலை. ஓடை பின்னால் வந்து குடியேறியது.

மலையில் ஓடும் ஆறு தன் படுகையை மட்டும் கீழ்நோக்கி அறுக்கும். சரிவுகள் தாமாகச் சரிந்து விழ, பள்ளத்தாக்கு ஆங்கில 'வி' வடிவம் எடுக்கும். பனியாறோ பள்ளத்தாக்கையே நிரப்பிக்கொண்டு நகரும். அடியில் சிக்கிய கற்களைக் கொண்டு தரையையும் பக்கங்களையும் சேர்த்துத் தேய்ப்பதால் 'யு' வடிவம் வரும்.

ஆனால் வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அடிப்பகுதி அவ்வளவு தட்டையாக இருப்பதற்குப் பனி நேரடிக் காரணமல்ல. குடைந்த பள்ளத்தைப் பிற்பாடு வண்டல் நிரப்பியது. அங்கே நல்ல தடயம் அருவிகள்தான். பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த கிளைப் பனியாறுகளால் முதன்மைப் பனியாற்றின் ஆழத்துக்குக் குடைய முடியவில்லை, அதனால் பக்கப் பள்ளத்தாக்குகள் உயரத்திலேயே தொங்கி நின்றுவிட்டன. பிரைடல்வெயில் அருவி அப்படித்தான் சுமார் 190 மீட்டர் கீழே விழுகிறது.

உங்கள் படத்திலும் பக்கச்சுவரில் அப்படி ஓர் அருவி இருக்கிறதா? அப்புறம், பனியில் சிக்கிய கற்கள் தேய்த்ததால் பாறையில் ஒரே திசையில் ஓடும் கீறல்களையும் தேடிப் பாருங்கள்.