பழைய அம்பாசிடரை மீட்டெடுப்பது தகுமா? எந்தப் பட்டறையில் கொடுக்கலாம்?

மீட்டெடுப்பு என்பது வெறும் பழுதுபார்ப்போ பெயிண்ட் வேலையோ அன்று. ஆலையிலிருந்து வெளிவந்தபோது வண்டி இருந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவதாகும். அது தகுமா என்பதைத் தீர்மானிப்பது எஞ்சினை விடத் தகரம்தான். அம்பாசிடருக்குத் தனியே சேஸ், அதாவது சுமை தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. பாடித் தகரமே சுமையைத் தாங்குவதால், தரைத்தகட்டிலும் கதவுக்கு அடியிலும் துரு ஊடுருவியிருந்தால் வண்டியின் எலும்பே உளுத்துவிட்டது எனலாம். அதன்மேல் பெயிண்ட் அடிப்பது, உத்திரம் செல்லரித்த ஓட்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது. ஒரு சிறு காந்தத்தைக் கதவின் கீழ் விளிம்பில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால், அங்கே பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கும் பட்டி கனமாகப் பூசப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பட்டறையைப் பொறுத்தவரை, முடிந்து மின்னும் வண்டியைக் காட்டுபவரை விட, பெயிண்ட் உரித்துப் பாதியில் நிற்கும் வண்டியைத் தயங்காமல் காட்டுபவரையே நான் நம்புவேன்; பட்டறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதெல்லாம் பிறகுதான். வண்டி 50 ஆண்டுகளைக் கடந்ததாயின், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி விண்டேஜ் பதிவு, அதாவது பழமையான வண்டிகளுக்கான தனிப் பதிவு, பெறுவதற்குப் பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதை முன்னதாகவே பட்டறையில் சொல்லிவிட வேண்டும்.

போட்ட பணம் விற்கும்போது திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஏராளமாக உற்பத்தியான அம்பாசிடரைப் பொறுத்தவரை பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.