13 வயதுப் பெண்ணுக்கு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. வயதுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மாதவிடாய் ஒரு தடவை 28 நாளில் வருகிறது. அடுத்தது 43 நாள் வரை தள்ளிப்போகிறது. உறவினர் ஒருவர் சொன்னதால் ஸ்கேன் எடுத்தோம். நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருந்துக்கடையில் மாதவிடாயை வரவழைக்க மாத்திரை தந்திருக்கிறார்கள். பின்னாளில் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அப்படிப் பயப்பட ஒன்றும் இல்லை. வயதுக்கு வந்த முதல் ஆண்டில் தேதி முன்பின்னாக வருவது இயல்பு. அதன்பிறகு மூன்றாம் ஆண்டு முடியும்வரை, ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை 21 முதல் 45 நாட்கள் இருக்கலாம். உங்கள் மகளின் 43 அதற்குள் அடங்கிவிடுகிறது. மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் ஹார்மோன் உத்தரவுகள் சீராகச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை பல மாதங்களில் முட்டையே வெளிவராது, தேதியும் நிலைக்காது.

எனக்குக் கோபம் வருவது அந்த ஸ்கேன் மீதுதான். இந்த வயதில் சினைப்பை நிறைய சின்னச் சின்ன முட்டைப்பைகளோடுதான் இருக்கும். அதனால் முதல் மாதவிடாய்க்குப் பிறகு 8 ஆண்டுகள்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (நீர்க்கட்டி என்று பலரும் சொல்லும் ஹார்மோன் கோளாறு) என்று முடிவு கட்டக் கூடாது என்று 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படி முடிவு கட்ட, இந்த வயதில் மாதவிடாய்க் கோளாறும் வேண்டும், ஆண் ஹார்மோன் மிகுதிக்கான அடையாளமும் வேண்டும்: தாடையில் தடித்த முடி, அடங்காத முகப்பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரியும் அளவு. ஆனால் ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினால் யாருக்கோ கமிஷன். ரிப்போர்ட் வந்ததும் ஹார்மோன் 'பேக்கேஜ்'. அதற்கும் பிறகு கைப்பேசி விளம்பரத்தில் வரும் நீர்க்கட்டிப் பொடி. உளுந்தங்களி செய்து கொடுங்கள், நல்ல சாப்பாடு. ஆனால் அந்தப் பொடிக்குப் பணம் கட்டாதீர்கள். வளரிளம் பருவத்தினருக்கென்று மத்திய அரசு 2014-இல் ஒரு திட்டமே தொடங்கியது. அதன் ஆலோசனை மையம் என்று பெயர்ப்பலகை தொங்கும் பல இடங்களில் உட்கார்ந்து பேச ஆள் இருப்பதில்லை. பிறகு தாய்மார்கள் மருந்துக்கடைக்காரரிடம் போகாமல் எங்கே போவார்கள்?

நாட்கள் தள்ளிப்போனால் ஓடிவருகிற தாய்மார்கள், ரத்தம் அதிகமாகப் போனால் "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்று இருந்துவிடுகிறார்கள். அந்த 'எல்லோருக்கும்' என்பதில்தான் சில சமயம் விஷயமே இருக்கிறது. வான் வில்லிபிராண்டு நோய் என்று ஒன்று உண்டு. ரத்தம் உறைவதில் குறை, பரம்பரையாக வரும். முதல் மாதவிடாயிலேயே அது தலைகாட்டலாம். நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்துவிடுகிறதா? இரவில் எழுந்து மாற்றியும் படுக்கை விரிப்பில் கறையா? 7 நாளைத் தாண்டியும் நிற்கவில்லையா? சிறுவயதில் அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்ததா, பல் பிடுங்கியபோது நெடுநேரம் கசிந்ததா? உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனதா? இவற்றில் எதற்காவது 'ஆம்' என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து, ரத்தம் உறையும் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். பல நேரங்களில் யாரும் தாமாக எழுதித் தருவதில்லை; இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் அது ரத்தசோகை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்.

ஒரு தடவையாவது 90 நாளைத் தாண்டினால், அல்லது எடை சட்டென்று ஏறினால், இறங்கினால் வாருங்கள். தைராய்டையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மருந்துக்கடை மாத்திரையைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், நிறுத்திய சில நாட்களில் ரத்தம் வரலாம். அது மாத்திரை வரவழைத்தது, அவளுடைய சொந்தச் சுழற்சி அல்ல. காலண்டரில் அந்தத் தேதியை வேறு நிற மையில் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் பார்க்கிற மருத்துவர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிடுவார்.