கேள்வி-பதில்: சிறிய கேமராவுக்கு எந்தத் தோள்பை?

கேள்வி: என்னிடம் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-டி30 II கேமராவும் 23, 35, 50 மில்லிமீட்டர் எஃப்2 லென்ஸ்கள் மூன்றும் இருக்கின்றன. வார இறுதிகளில் சிங்கப்பூரின் தேக்கா, சிராங்கூன் சாலை பக்கம் படம் எடுப்பேன். தைப்பூசத்திற்கும் போவேன். இப்போது எல்லாவற்றையும் துண்டில் சுற்றி முதுகுப்பையில் போட்டுக்கொண்டு போகிறேன். சிறிய தோள்பை ஒன்று வாங்க ஆசை. "நாளைக்கு 55-200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் வாங்கினால் இடம் வேண்டாமா?" என்று அண்ணன் பெரிய பைகளையே காட்டுகிறார். எதை வாங்கலாம்?
வாசகி, செங்காங்

பதில்: இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் பேச்சைத் தள்ளிவைத்துவிடுங்கள். இன்னும் வாங்காத லென்ஸுக்கு இன்றே வாடகை கட்டுவது போன்றது அது. பையில் இடம் காலியாக இருந்தால் குடை ஏறும், தண்ணீர்ப் புட்டி ஏறும், தேக்காவில் கண்ணில் பட்ட முருங்கைக்காயும் ஏறும். அந்த 55-200 லென்ஸின் எடை 580 கிராம், நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அதை எடுத்துப்போகும் நாளுக்கு உங்கள் முதுகுப்பை இருக்கவே இருக்கிறது. தோள்பை, மற்ற நாள்களுக்கு.

எடையிலிருந்து தொடங்குவோம். கேமரா, மின்கலத்தோடும் அட்டையோடும் 378 கிராம். லென்ஸ்கள் முறையே 180, 170, 200 கிராம். கூட்டினால் 928. மாற்று மின்கலங்கள் இரண்டைச் சேர்த்தாலும் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கடைக் கண்ணாடிக்குள் அழகாக நிற்கும் தோல் பைகளில் பல, எதுவும் வைக்காமலே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். சுமக்கப்படும் பொருளைவிடச் சுமக்கும் பை கனமாக இருப்பதில் என்ன நியாயம்? சிறிய கேமரா வாங்கியதன் பலனே அதில் போய்விடுகிறது. வெறும் பை 700 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது என் வரம்பு. விற்பனைக் குறிப்பில் எடை போடவில்லை என்றால் கேளுங்கள். பல கடைகள் போடுவதில்லை.

அடுத்து அளவு. லிட்டர் கணக்கை நம்பி வாங்காதீர்கள். ஒரே ஆறு லிட்டர், தட்டையாகவும் இருக்கலாம், பானைபோல உருண்டும் இருக்கலாம். வெளியளவும் உதவாது, மெத்தை எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று அது சொல்லாது. உள்ளளவைத்தான் பார்க்க வேண்டும். சிறிய பையில் கேமராவை லென்ஸ் கீழ்நோக்க வைப்பதுதான் வசதி. கையை விட்டதும் பிடி கிடைக்கும். உங்கள் கேமராவின் அகலம் 12 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் 8.3. எனவே பையின் முன்பக்கத்திற்கும் பின்பக்கத்திற்கும் நடுவே 9 சென்டிமீட்டராவது வேண்டும். 10 இருந்தால் விரல் நுழையும். பக்கத்து அறையில் மற்ற இரண்டு லென்ஸ்களை, நடுவே மெத்தைத் தடுப்பு வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். மூடிகளோடு 14, 15 சென்டிமீட்டர் உயரம் பிடிக்கும். ஆக உள்ளே நீளம் 21, அகலம் 10, உயரம் 15 சென்டிமீட்டர் போதும். கேமராவுக்கு மேலே மிஞ்சும் இடத்தில் மின்கலமும் துடைக்கும் துணியும் அடங்கும்.

இந்த அளவில் கிடைக்கும் பைகள் குணத்தில் மிகவும் வேறுபட்டவை. டோம்கே பைகளை உருவாக்கியவர் ஜிம் டோம்கே என்ற அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர். மெத்தையைக் குறைத்து, இடுப்போடு ஒட்டிக் கிடக்கும் மென்மையான கான்வாஸ் பையாக வைத்தார். எடுக்கவும் வைக்கவும் இதைவிடச் சுலபமானது இல்லை. ஆனால் எம்ஆர்டி ரயில் கதவில் இடித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் யோசியுங்கள். இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் முதலில் மீன்பிடிப்போருக்குப் பை தைத்த நிறுவனம். துணி அடுக்குகளுக்கு நடுவே நீர் புகாத அடுக்கு வைத்த கான்வாஸ், கழற்றி எடுக்கக்கூடிய மெத்தைப் பெட்டி. மழைக்கு நல்லது, விலைதான் உறைக்கும். பீக் டிசைன் எவ்ரிடே ஸ்லிங் நவீனப் பாணி. மடக்கி மாற்றக்கூடிய தடுப்புகள் உள்ளன. உங்கள் பொருளுக்கு ஆறு லிட்டர் அளவுதான் பொருந்தும், மூன்று லிட்டரில் மூன்றாவது லென்ஸ் முனகும். பெயர் இல்லாத மலிவுப் பைகளிலும் நல்லவை உண்டு. அவற்றில் தோள்வார் பையோடு சேரும் தையலையும் கொக்கியையும் மட்டும் இழுத்துப் பாருங்கள். வார் வெறுமனே மேல் விளிம்பில் தைக்கப்பட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பக்கவாட்டில் கீழ்வரை இறங்கியிருந்தால் நம்பலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் லென்ஸ்கள் மூன்றும் தூறலைத் தாங்கும் வகை, கேமரா அப்படியல்ல. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊரில் இருக்கிறோம். ஆகவே மேல்மூடி, பையின் இரு பக்க ஓரங்களையும் மூடி இறங்குகிறதா என்று பாருங்கள். ஜிப் மட்டும் இருக்கும் பையானால் தனி மழையுறை வேண்டும். ஈரக் குடையும் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டியும் வெளியறைக்குத்தான். புட்டியில் வேர்க்கும் நீர் உள்ளே போக வழி வைக்காதீர்கள்.

தைப்பூசத்திற்கு எனத் தனியாக இரண்டு சொல்கிறேன். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை கூட்டத்தோடு நடக்கும்போது பை முன்பக்கமாகத்தான் வரும். அப்போது தடித்த பை பக்கத்தில் இருப்பவரை, அதுவும் காவடி எடுப்பவரை, இடிக்கும். மெலிந்த பைக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். இரண்டாவது, தோல் பையோடு கோயிலுக்குள் போவது சிலருக்கு உறுத்தும். கான்வாஸோ நைலானோ எடுத்தால் அந்தப் பேச்சே இல்லை. பாலும் மஞ்சள்நீரும் தெறிக்கும் இடம் என்பதால் வெளிர் நிறம் வேண்டாம்.

கேமராவையும் லென்ஸ்களையும் எடுத்துக்கொண்டு சிட்டி ஹால் எம்ஆர்டி அருகே பெனின்சுலா பகுதிக் கடைகளுக்கு நேரில் போங்கள். எல்லாவற்றையும் உள்ளே வைத்து, குறுக்காக மாட்டிக்கொண்டு, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: கேமரா பை என்று தனியாக வாங்காமல், சாதாரணத் துணிப்பைக்குள் மெத்தைப் பெட்டி மட்டும் வாங்கி வைத்தால் போதாதா?
வாசகர், ஈசூன்

பதில்: தாராளமாகப் போதும். ஒரு கேமராவும் ஒரே ஒரு மாற்று லென்ஸும் என்றால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். பையின் அடிப்பாகம் தொங்காமல் தட்டையாக இருக்க வேண்டும். மேலே ஜிப்போ மூடியோ இருக்க வேண்டும். பார்ப்பதற்குக் கேமரா பைபோல இல்லாதது கூடுதல் லாபம். ஆனால் உணவங்காடி நிலையத்தில் டிசு பொட்டலம் வைத்து இடம் பிடிக்கும் பழக்கத்தை இந்தப் பைக்கு நீட்டிக்க வேண்டாம்.

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நைலான் கேமரா பை. அதிகம் பயன்படுத்தவில்லை, சேமிப்பறையில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். இப்போது உட்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வாடையும் வருகிறது. சுத்தம் செய்ய முடியுமா? அதே பை இணையத்தில் பழையதாக 40 வெள்ளிக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: முடியாது, வாங்கவும் வேண்டாம். தண்ணீர் புகாமலிருக்க நைலானின் உட்பக்கம் பாலியூரிதேன் பூச்சு பூசுகிறார்கள். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும். பயன்படுத்தாமல் வைத்திருந்ததால் காப்பாற்றப்படவில்லை. காற்றோட்டமில்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சேமிப்பறை அதற்கு மிக மோசமான இடம். துடைத்தால் ஒட்டும் பூச்சு உரிந்து வரும், மீதி மறுபடியும் ஒட்டும். அந்தத் துகள் லென்ஸ் மேல் படிந்தால் வேலை இரட்டிப்பாகும்.

பழைய பையை வாங்குபவர்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நேரில் சந்தித்து, உட்பக்கத்தை விரலால் அழுத்தி எடுங்கள், ஒட்டினால் விடைபெறுங்கள். தடுப்புகளைப் பிசைந்து பாருங்கள், உள்ளே இருக்கும் நுரைமெத்தை பொடியானால் மணல்போல உணரும். மூக்கருகே கொண்டுபோய் முகரவும் வெட்கப்பட வேண்டாம். பூஞ்சை வாடை வரும் பை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பூச்சில்லாத பருத்திக் கான்வாஸ் பைகள் பழையதாக வாங்க ஏற்றவை. நிறம் மங்கும், துணி நிற்கும்.

கேமராவை இரவு முழுவதும் பைக்குள்ளேயே வைப்பதும் இதோடு சேர்ந்த தவறு. பை சுமக்க மட்டும். வீட்டுக்கு வந்ததும் கேமராவையும் லென்ஸ்களையும் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் உலர்பெட்டிக்கு மாற்றுங்கள். மின்சார உலர்பெட்டி வாங்க மனமில்லை என்றால், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிகா ஜெல், ஒரு சிறிய ஈரமானி போதும். காலிப் பையைத் திறந்தபடி காற்றுப் படும் இடத்தில் மாட்டுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் பை மூடியிருப்பது நல்லது: குளிரூட்டப்பட்ட எம்ஆர்டியிலிருந்து வெளியே வரும்போது. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டதும் பனிபோல நீர் படியும். பதினைந்து, இருபது நிமிடம் பையைத் திறக்காமல் நடந்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: தள்ளுபடி விற்பனையில் 160 வெள்ளிக்கு வாங்கிய பை. இரண்டே மாதத்தில் தோள்வாரின் வளையம் தையலோடு பிய்ந்துவிட்டது. "தள்ளுபடிப் பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறது என்கிறார் கடைக்காரர்.
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ரசீதில் அச்சிட்டதால் உங்கள் உரிமை போய்விடாது. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள 'லெமன்' சட்டப்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்திற்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்த குறையாகத்தான் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் அது நடக்கவில்லை என்றால் விலைக்குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுவதோ அடுத்த படி. பிய்ந்த இடத்தைப் படமெடுத்து, ரசீதோடு, எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது, அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை.

வாங்கிய பிறகு நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இந்தச் சட்டம் உதவாது. தனிநபரிடமிருந்து பழையதாக வாங்கினாலும் உதவாது. மேலே சொன்ன 40 வெள்ளிப் பையை வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடையில் பை 430 வெள்ளி, அனுப்பும் செலவு 40 வெள்ளி. இங்கே 490. வரவழைப்பது லாபமா?
வாசகி, தெம்பனீஸ்

பதில்: இல்லை. 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு இங்கு வந்து சேரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு, அனுப்பும் செலவையும் சேர்த்தே. 470 வெள்ளிக்கு 42 வெள்ளி 30 காசு. மொத்தம் 512 வெள்ளியைத் தாண்டுகிறது, தூதஞ்சல் நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்க்கலாம். 400 வெள்ளிக்குள் இருந்தாலும், 2023 முதல், இங்கே பதிவு செய்துள்ள பெரிய வெளிநாட்டுக் கடைகள் பணம் செலுத்தும்போதே வரியைப் பிடித்துவிடுகின்றன. பை பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது.

கேள்வி: உறவினர் திருமணங்களில் படம் எடுக்கிறேன். பட்டுச் சட்டை, வேட்டியோடு போட எந்தப் பை?
வாசகர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: மெழுகு பூசிய கான்வாஸ் வேண்டாம்; நம் வெயிலில் மெழுகு இளகித் துணியில் கறை வைக்கும். புதிய கருநீலப் பையும் ஆபத்துதான், வியர்வை பட்டால் சாயம் இறங்கலாம். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பையின் பின்பக்கத்திலும் வாரிலும் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அதை வேட்டியோடு சேர்க்காதீர்கள். ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்த மூடியும் உதவாது, ஓதுவார் குரலுக்கு நடுவே 'பர்ர்' என்று கிழியும் ஓசையை மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். திங்க் டேங்க் நிறுவனத்தின் ரெட்ரோஸ்பெக்டிவ் வகைப் பைகளில் அந்தப் பட்டையை மடக்கி மூடும் வசதி உண்டு. இல்லையென்றால் கொக்கியோ காந்தமோ உள்ள மூடியாகப் பாருங்கள். காந்தத்தால் நினைவக அட்டைக்கு ஒன்றும் ஆகாது.