வெறும் வயிற்றில் ஷீஹ் கஷாயம் குடித்தால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: சவூதியில் தபூக் பக்கம் லாரி ஓட்டுகிறேன். வயது 46. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் காலையில் போடுகிறேன். உள்ளூர் நண்பர் ஒருவர் 'ஷீஹ்' என்ற பாலைவனச் செடியைக் கொடுத்தார். வெறும் வயிற்றில் கஷாயமாகக் குடிக்கிறேன். அப்புறம் பசியே இல்லை, மதியம்தான் சாப்பாடு. பதினோரு மணி வாக்கில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறிகள். அது ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது வருவதுதான் எனக்குப் பெரிய கவலை. கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு மதியம் வரை பட்டினி கிடந்தால் அதுவே போதும், சர்க்கரை இறங்க.

ஷீஹ் நம் மாசிப்பத்திரி, மரிக்கொழுந்துக்குச் சொந்தக்காரச் செடிதான். சாம்பல் பூத்த இலையைக் கசக்கினால் கற்பூரம் கலந்த கசப்பு வாசனை மூக்கில் ஏறும். பதூயின்கள் என்ற அரபுப் பாலைவன நாடோடிகள் வயிற்றுவலிக்கும் குடல்புழுவுக்கும் தலைமுறைகளாகக் குடித்து வருகிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. எலிகளுக்கும் முயல்களுக்கும் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறைந்ததும் உண்மை. ஆனால் மனிதருக்கு எத்தனை கிராம் என்று யாரும் வகுக்கவில்லை, அதோடு இதன் எண்ணெயில் இருக்கும் சரக்கு இடத்துக்கு இடம் மாறும். சில இடத்துச் செடியில் தூஜோன் என்ற நச்சுச் சரக்கு அதிகம், அது மிகுந்தால் வலிப்பு வரும். அதனால் வலிப்பு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே கூடாது. கடையில் விற்கும் ஷீஹ் எண்ணெயை யாருமே குடிக்கக் கூடாது. ஊரில் பார்த்தீனியமோ சாமந்தியோ பட்டு உடம்பு அரித்தவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஒரே குடும்பம்.

சரி, இனி செய்ய வேண்டியது. நடுக்கம் வந்தால் வண்டியை உடனே ஓரம் கட்டி, குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது கையில் மீட்டர் இல்லாவிட்டாலும், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள், பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். முழுக்கச் சரியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள். கிளிமிபிரைடு போட்ட கையோடு காலைச் சாப்பாடு கட்டாயம். இந்த வாரமே அங்குள்ள டாக்டரைப் பார்த்து, ஷீஹ் குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.