விண்டோஸ் 11-க்கு மாறியதும் பழைய லேப்டாப் நகர மறுக்கிறதா?

கேள்வி: 2018-ல் வாங்கிய லேப்டாப் வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். போன வாரம் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றினேன். அதிலிருந்து ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரவே ஐந்து நிமிடம் ஆகிறது. பிரௌசரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரேம் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்கிறார் இன்னொருவர். பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் கெடு இருக்கிறது. மாற்றி 10 நாள் ஆகவில்லை என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரிகவரி என்று போனால் ‘கோ பேக்’ இருக்கும். உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்க, பழைய விண்டோஸ் திரும்பி வந்துவிடும். 10 நாள் தாண்டினால் அந்த வழி அடைபடும். அப்புறம் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான் வழி. ஆனால் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தையும் 2026 அக்டோபர் வரை என்றுதான் அறிவித்தார்கள். பேங்க் கணக்கு பார்க்கிற மெஷினை அதற்குமேல் ஓட்டுவது சரியில்லை. தினமும் தேவைப்படும் பிரிண்டரோ சாஃப்ட்வேரோ 11-ல் வேலையே செய்யவில்லை என்றால் மட்டும் திரும்புங்கள்.

வேகத்துக்கு வருவோம். மாற்றிய முதல் ஓரிரு நாள் எந்த மெஷினும் கொஞ்சம் திணறத்தான் செய்யும். விண்டோஸ் உங்கள் ஃபைல்களையெல்லாம் தேடலுக்காக மறுபடி பட்டியல் போடும், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஸ்கேன் செய்யும், டிரைவர்களும் ஸ்டோர் ஆப்களும் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் இந்த வேலை இழுத்துக்கொண்டே போகும். சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாதபடி வைத்து, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒருமுறை ரீஸ்டார்ட். உங்களுக்கு ஒரு வாரம் ஆகிவிட்டதால் இந்தக் கட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆனாலும் தினமும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு மூடி வைப்பவர் என்றால் அந்த வேலை இன்னும் பாக்கி கிடக்கலாம்.

அதன் பிறகும் அப்படியே இருந்தால், காசு எதற்கும் எடுப்பதற்கு முன்னால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், மெஷின் திணறும் நேரத்திலேயே பாருங்கள்; சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. இடது பக்கம் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். உங்கள் மெஷினில் என்ன தெரியும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது: சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், டிஸ்க் மட்டும் 100%-ல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த டிஸ்க்கைக் கிளிக் செய்தால் கீழே படிக்கும் வேகம், எழுதும் வேகம் இரண்டும் தெரியும். 100% என்கிறதே, நொடிக்கு நூறு எம்பி ஓடுகிறதோ என்று பார்த்தால் ஒன்று, இரண்டு எம்பிதான் இருக்கும். பக்கத்தில் ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்று மில்லி செகண்டில் ஓர் எண் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். நூற்றுக்கணக்கில் போனால் வியாதி எங்கே என்று தெரிந்துவிட்டது. எஸ்எஸ்டி (சுற்றும் தகடு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) போட்ட மெஷினில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டைத் தாண்டாது.

ஏன் இப்படி? லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அப்படியானால் ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம், தகட்டைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்றாவது ஆகும், அதற்கு முன் முள் நகர்ந்து வரும் நேரம் தனி. ஆக, டிஸ்க்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு நூறு தடவைகூட அதனால் எடுத்துத் தர முடியாது. பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்யும்போது இந்தக் குறை தெரியாது, அங்கே எல்லாம் வரிசையாக இருக்கும். விண்டோஸ் ஆன் ஆகும்போதும் பிரௌசர் திறக்கும்போதும் கேட்பது முழுக்க இந்தச் சிதறல் துண்டுகளைத்தான், ஆயிரக்கணக்கில். விண்டோஸ் 10-லேயே இந்தக் கஷ்டம் இருந்திருக்கும். 11 பின்னணியில் இன்னும் கொஞ்சம் அதிகம் வேலை செய்கிறது, விளிம்பில் நின்ற மெஷின் விழுந்துவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். எட்டு வயதை நெருங்கும் ஹார்ட் டிஸ்க் சாகப் போகும்போதும் இதே மாதிரிதான் மெதுவாகும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்று வந்தால் சரி. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தாலோ, டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் ‘ரீஅலொகேட்டட்’, ‘கரன்ட் பெண்டிங்’ வரிகளின் கடைசி நெடுவரிசையில் பூஜ்யங்களுக்குப் பதில் எண் இருந்தாலோ, உள்ளிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டாலோ, வேறு எதையும் தொடாமல் முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வெளி டிரைவில் எடுத்து வையுங்கள்.

டிஸ்க் நன்றாகவே இருந்தாலும் என் யோசனை ஒன்றுதான்: முதல் செலவு எஸ்எஸ்டிக்கு. உங்கள் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பு வகை) எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டும் காலியாக இருக்கும். இருந்தால் விண்டோஸை அதில் போட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கை சினிமா, போட்டோ சேமிக்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் எம்.2 ஸ்லாட்டிலும் இரண்டு ஜாதி உண்டு, சாட்டா மட்டும் ஏற்பது, என்விஎம்இ என்ற வேகமான வகையை ஏற்பது. உங்கள் மாடல் எண்ணுக்கான சர்வீஸ் மேனுவலில் அது இருக்கும். வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். என்விஎம்இ கிடைக்கவில்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம். சாட்டா நொடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும், என்விஎம்இ அதைப் போல பல மடங்கு ஓடும், எல்லாம் உண்மை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவர் உணரப்போகும் வித்தியாசம் காத்திருப்பு ஒழிவதில்தான் இருக்கிறது, அது இரண்டிலுமே ஒழிந்துவிடும். அளவு 256 ஜிபி குறைந்தபட்சம், 500 இருந்தால் நிம்மதி.

பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்யலாம், அல்லது புதிதாக இன்ஸ்டால் செய்யலாம். மாற்றியதிலிருந்தே தகராறு செய்கிற மெஷின் என்பதால் உங்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவைத் தயாரிக்கிற மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலும் 8 ஜிபி பென் டிரைவும் போதும். லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது, டிஸ்க்கை மாற்றினாலும் இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். எதைச் செய்வதற்கு முன்னும் செட்டிங்ஸில், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் ரிகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று உறுதி செய்து, ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 48 இலக்கம், எழுத அலுப்பாகத்தான் இருக்கும். அது இல்லாமல் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பிறகு அதிலுள்ள ஃபைல் வேண்டும் என்றால் யாராலும் திறந்து தர முடியாது.

ரேம் சொன்ன நண்பரும் பாதி சரி. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் எழுதியிருப்பது இன்ஸ்டால் ஆவதற்கான அளவு. நிம்மதியாக ஓட்டுவதற்கான அளவு 8. டாஸ்க் மேனேஜரில் மெமரியைக் கிளிக் செய்து ‘கமிட்டெட்’ என்பதைப் பாருங்கள். அதில் முதல் எண் 6, 7 ஜிபி என்று உங்கள் 4 ஜிபியைத் தாண்டி நின்றால், இடம் போதாமல் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே மூச்சு வாங்கும் அதே ஹார்ட் டிஸ்க்கில்! அதனால்தான் வரிசை முக்கியம். எஸ்எஸ்டி போட்டு ரேமை அப்படியே விட்டாலும் மெஷின் புழங்கும்படி ஆகிவிடும். ரேமை மட்டும் கூட்டி ஹார்ட் டிஸ்க்கை விட்டால், ஆன் ஆக அதே ஐந்து நிமிடம் காத்திருப்பீர்கள். இரண்டுக்கும் காசு இருந்தால் ஒரே தடவையில் போட்டுவிடுங்கள், பின்பக்கத்தை இரண்டு முறை கழற்ற வேண்டாம். அதே மெமரி பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்று இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் பெரும்பாலும் காலி ஸ்லாட் இருக்கிறது, இன்னொரு 4 ஜிபி செருகினால் முடிந்தது. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் இப்போதுள்ள ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. அதைக் கழற்ற முடியாது, தனியாக ஸ்லாட் உண்டா என்று மேனுவலில்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் 100% காட்டவே இல்லை, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்றால் கதை வேறு. சிபியு பக்கத்தில் ‘ஸ்பீட்’ என்ற எண்ணைப் பாருங்கள். ஏதாவது கனமான வேலை நடக்கும்போதும் அது 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடங்கிக் கிடந்தால், சார்ஜரையோ பேட்டரியையோ மெஷின் அடையாளம் காணவில்லை, இல்லை சூட்டைத் தாங்காமல் தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கிறது. சார்ஜரைக் கழற்றியும் செருகியும், முடிந்தால் வேறு ஒரிஜினல் சார்ஜரில் போட்டும் பாருங்கள். ஃபேன் தூசியைச் சுத்தம் செய்து பாருங்கள். இதை விண்டோஸ் தலையில் கட்டிவிட்டுப் பல நாள் அலைபவர்கள் உண்டு. அப்புறம், வீடியோவும் ஸ்க்ரோலிங்கும் மட்டும் வெட்டி வெட்டி வந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை. லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இறக்கிப் போட்டால் சரியாகிவிடும்.

எஸ்எஸ்டி வந்து சேரும் வரை ஓட்ட வேண்டுமே? டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பக்கத்தில் ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ தவிர மற்றதை டிஸேபிள் செய்யுங்கள். மீட்டிங் ஆப், அப்டேட்டர், கேம் லாஞ்சர் எதுவும் காலையிலேயே எழுந்திருக்க வேண்டியதில்லை. பிரௌசரில் மெமரி சேவர் அல்லது ஸ்லீப்பிங் டேப்ஸை ஆன் செய்து, எக்ஸ்டென்ஷன்களைக் கழியுங்கள். சி டிரைவ் நிரம்பி வழிந்தால், திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்த பிறகு ஸ்டோரேஜில் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ போய்ப் பழைய விண்டோஸ் இன்ஸ்டலேஷனை நீக்குங்கள், நல்ல இடம் கிடைக்கும்.

‘ரேம் பூஸ்டர்’, ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். ரேம் பூஸ்டர் செய்வதெல்லாம் உபயோகத்தில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளுவது, உங்கள் நிலைமையில் அது இன்னும் மோசம். விண்டோஸின் பாதுகாப்பு வசதியான மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்தால் பறக்கும் என்று சொல்லும் வீடியோக்களும் சுற்றுகின்றன. ஏழாம் தலைமுறையிலிருந்தே இன்டெல் சிப்களில் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது, உங்கள் எட்டாம் தலைமுறையில் அதனால் இழக்கும் வேகம் சொற்பம். கதவைத் திறந்து வைக்கும் அளவுக்கு அதில் லாபமில்லை.

புதிது வாங்குவதா? எட்டாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே இருக்கிறது. பிரௌசர், ஆபீஸ், வீடியோ கால் எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் அந்த சிப் போதும். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால், ஹிஞ்ச் உடைந்திருந்தால், ரேமைக் கூட்ட வழியே இல்லாத மாடலாக இருந்தால், செலவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றாதீர்கள். அப்போதுகூட குப்பைக்குப் போக வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபியில் தாராளமாக ஓடும். பென் டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். வைஃபை, சவுண்ட், கேமரா மூன்றும் அந்த லைவ் ஓட்டத்திலேயே வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.