மரமுளை மூட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

டோவல் என்கிற உருண்டை மரமுளையை வைத்துச் சேர்ப்பது தச்சு வேலையே அல்ல, சோம்பல் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். இப்போது ஒரு மேஜைச் சட்டத்தையே மரமுளையில் சேர்த்ததாகச் சொல்கிறீர்கள். நான் பதினைந்து வருஷமாகத் துளையும் கழுந்தும்தான் போடுகிறேன், அதாவது ஒரு கட்டையின் முனையைத் தட்டை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளையில் செருகுவது. அப்பா கற்றுத்தந்தது. அதை விட்டுவிடலாமா? உங்கள் மனம் ஏன் மாறியது?

ர.

அன்புள்ள ர.,

முன்பு எழுதியது தவறு. அதை நம்பி யாராவது மரமுளையை ஒதுக்கியிருந்தால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று ரிப்பேர் வேலை நிறையச் செய்துகொண்டிருந்தேன். ஆட்டம் கண்டு வந்த நாற்காலிகளில் பெரும்பாலும் முளைதான் இருக்கும். சட்டத்தை இழுத்தால் முளை கையோடு வந்துவிடும். பார்த்துப் பார்த்து வெறுப்பு ஏறிவிட்டது. ஆடாத நாற்காலியை யாரும் ரிப்பேருக்குக் கொண்டுவர மாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் அப்படிக் கழன்று வந்த முளையை விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். பக்கங்களில் பசையே இல்லை, வெறும் மரம். துளையின் அடியில் பசை கட்டியாக உறைந்து கிடந்தது. வழவழப்பான முளை, நீளவாக்கில் ஒரு கோடுகூடக் கீறவில்லை. கொட்டாப்புளியால் அடித்து இறக்கும்போது பிஸ்டன் மாதிரி பசை முழுவதையும் அடிக்குத் தள்ளியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு மூட்டுக்கு மெல்லிசாக இரண்டே முளை. செய்தவர் அவசரப்பட்டதற்கு நான் மூட்டு முறையைப் பழித்திருக்கிறேன்.

ஆனாலும் அப்பா கற்றுத்தந்ததை விடாதீர்கள். நாற்காலியின் பின்காலில் முளைக்கு உண்மையிலேயே ஒரு பலவீனம் உண்டு. காலின் நார் மேலும் கீழுமாக ஓடுகிறது. துளை அதைக் குறுக்கே வெட்டுகிறது. அதனால் துளையின் மேல்சுவரிலும் கீழ்ச்சுவரிலும் வெட்டுப்பட்ட நார்முனைகள்தான் இருக்கும். அங்கே பிடிப்பு குறைவு, இரண்டு பக்கச் சுவர்களில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். மரம் காயும்போது குறுக்குவாக்கில்தான் சுருங்கும், நீளவாக்கில் சுருக்கம் மிக மிகக் குறைவு. முளை சுற்றிலும் மெலிகிறது. துளையின் உயரம் அப்படியே நிற்கிறது. மேலும் கீழும் சந்து விழும். ஆள் பின்னால் சாயும் ஒவ்வொரு தடவையும் விசை அந்தத் திசையில்தான் போகிறது! கழுந்துக்கு இரண்டு அகலமான தட்டைக் கன்னங்கள் இருக்கின்றன, அவை துளையின் நீள நாரோடு ஒட்டுகின்றன. பின்காலுக்கு நான் இன்றும் கழுந்துதான் போடுகிறேன்.

மேஜைச் சட்டத்தின் கதை வேறு. யாரும் அதில் சாய்ந்து ஆடுவதில்லை. கோடு கீறிய 10 மி.மீ. முளைகள், மூட்டுக்கு நான்கு, ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ. ஆழம். துளைச் சுவரிலும் முளையிலும் பசை தடவி இறக்கினேன். தயங்காமல் செய்யலாம்.

இரண்டு பக்கமும் துளை போட்டுத் தனிக் கழுந்து செருகுவதையும் மெஷின்காரர்களின் குறுக்குவழி என்று நினைத்திருந்தேன். துருக்கிக் கரையோரம் கடலடியில் கிடைத்த உலுபுருன் கப்பல் கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் தேவதாருப் பலகைகளை ஓக் மரத்தில் செய்த தனிக் கழுந்துகளால்தான் சேர்த்து, முளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்றே அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசையும் அப்படித்தான். காய்ச்ச வேண்டும், நாற்றம் என்று ஒதுக்கியிருந்தேன். சூடும் ஈரமும் காட்டினால் அது இளகிவிடும், மூட்டைச் சேதமில்லாமல் பிரிக்கலாம். வெள்ளைப் பசை காய்ந்த இடத்தில் புதுப் பசை சரியாக ஒட்டாது, சுரண்டிச் சுரண்டி மரமே தேய்ந்துவிடும். பிரித்து ரிப்பேர் செய்கிறவருக்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஒன்று செய்து பாருங்கள். ஒரே கட்டையில் வெட்டிய துண்டுகளில் ஒரு கழுந்து மூட்டும் ஒரு முளை மூட்டும் போட்டு, இரண்டு நாள் காயவிட்டு, வைஸில் பிடித்து உடையுங்கள். முளையில் மரநார் பிய்ந்து ஒட்டியிருக்கிறதா (அப்படியென்றால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது), பசை மட்டும் பளபளவென்று தெரிகிறதா (அப்படியென்றால் பிடிக்கவில்லை)? பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.