துப்பியவன் நல்லவனா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ கதையைச் சொன்னேன். “அந்தோனியோ நல்லவன்னு சொல்றீங்களே பாட்டி, அப்புறம் ஏன் ஷைலாக் மேல துப்பினான்?” என்று கேட்டுவிட்டாள். என்ன பதில் சொல்லட்டும்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, நாடகத்தின் அடிமடியிலேயே கை வைத்திருக்கிறாள் உங்கள் பேத்தி. யூத வட்டிக்காரன் ஷைலாக்கிடம் வணிகன் அந்தோனியோ கடன் வாங்குகிறான்; குறித்த நாளில் திருப்பித் தராவிட்டால் அவன் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை என்பது ஒப்பந்தம். நமக்கெல்லாம் மனதில் நிற்பது, கடன் தவறிய பிறகு வரும் நீதிமன்றக் காட்சிதான். செருப்பின் அடியில் கத்தி தீட்டும் ஷைலாக், “சதையை எடுத்துக்கொள், ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது” என்று சட்ட நிபுணர் வேடத்தில் வந்து மடக்கும் போர்ஷியா. ஆனால் துப்பிய சேதி முதல் அங்கத்திலேயே வந்துவிடுகிறது. மூவாயிரம் டுகாட் (தங்க நாணயம்) கடன் கேட்டு நிற்பவனிடம், “என்னை நாய் என்றாய், என் அங்கியில் துப்பினாய், இப்போது பணம் வேண்டுமா?” என்கிறான் ஷைலாக். அந்தோனியோ மறுக்கவில்லை. இனியும் துப்புவேன் என்கிறான். கடன் கேட்க வந்த இடத்தில்!

காரணம் மதம் மட்டும்தானா? ஷைலாக்கே சொல்கிறான்: அந்தோனியோ கிறிஸ்தவன் என்பதால் வெறுக்கிறேன், வட்டியில்லாமல் கடன் கொடுத்து என் பிழைப்பைக் கெடுக்கிறான் என்பதால் இன்னும் அதிகமாக வெறுக்கிறேன். நிஜ வெனிஸில் 1516 முதல் யூதர்களை ‘கெட்டோ’ என்ற பகுதியில் அடைத்து, இரவில் கதவைப் பூட்டினார்கள். பல தொழில்களுக்கு அவர்களுக்குத் தடை, வட்டிக்கு விட அனுமதி. அதையே செய்தால் ‘வட்டிக்காரன்’ என்று ஏச்சு. நாடகம் பார்த்த லண்டன்காரர்களோ, 1290-இலேயே யூதர்களை நாடு கடத்திவிட்ட தேசத்தவர்கள். யூதர் என்றால் அவர்களில் பெரும்பாலோருக்குக் கேள்விப்பட்ட கதைதான்.

அதற்காக ஷைலாக்கைப் புனிதனாக்கிவிடாதீர்கள். “யூதனுக்குக் கண் இல்லையா?” என்ற புகழ்பெற்ற வசனத்தைக் கடைசிவரை படித்தால், அது பழிவாங்கலில் போய் முடிகிறது: நீங்கள் கற்றுக்கொடுத்த கெட்டதைத்தான் செய்யப்போகிறேன் என்கிறான். மகள் ஜெசிகா நகைகளோடு ஒரு கிறிஸ்தவனுடன் ஓடிப்போனாள், மனைவி லேயா தந்த மோதிரத்தை ஒரு குரங்குக்குக் கைமாற்றினாள் என்று கேள்விப்படும் இடத்தில் எனக்கு மனசு இளகிவிடும். ஆனாலும் இரண்டு மடங்கு பணம் தருகிறோம் என்ற பிறகும் கத்தியைக் கீழே போடாதவன் அவன்தான்.

போர்ஷியா இரக்கத்தைப் பற்றி அத்தனை அழகாகப் பேசுவதும் அதே நீதிமன்றத்தில்தான். வழக்கு திரும்பியதும் அந்தோனியோ காட்டும் ‘இரக்கம்’ என்ன தெரியுமா? ஷைலாக் மதம் மாற வேண்டும், சாகும்போது சொத்தை ஓடிப்போன மகளுக்கும் மருமகனுக்கும் எழுதிவைக்க வேண்டும். அன்றைய பார்வையாளர்கள் பலர் இதை ஆன்மாவுக்குச் செய்த உதவி என்றே நினைத்திருப்பார்கள். எனக்கு அது கத்தி இல்லாமல் எடுத்த சதை.

பேத்திக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியை இருவரும் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். ஷைலாக் நீங்கள். அந்தோனியோவின் வசனத்தை அவள் பேசட்டும்.